சிவகங்கே: பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் மலை

வெள்ளி இரவு

நாளை விடிகாலை சிவகங்கே மலைக்குக் கிளம்புகிறோம். வேலு நாச்சியாரின் சிவகங்கை இல்லை. பெங்களூரிலிருந்து தும்கூர் சாலையில் சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கும் சிவகங்கே. அலுவலகத்தில் சொன்னதும் மானாமதுரைக்காரர் ஒருவர் "பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பார்சலுக்கே ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

பெங்களூரைச் சுற்றிக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சனி, ஞாயிறில் நந்தி மலைக்குச் சூரியோதயம் பார்க்கப் போனால் முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைத்தான் பார்க்க முடியும். சாவனதுர்கா அருமையான மலை. ஆனால் மொத்தமும் ஒரே மொட்டைப் பாறை. மழை பெய்து ஈரம் காயாத நாளில் அறுபதைத் தாண்டியவர்களை அங்கே கூட்டிப்போக எனக்குத் தைரியம் இல்லை. தீபாவளி முடிந்தும் இந்த வருஷம் மழை விடவில்லை.

கூட வருவது மாமாவும் அத்தையும். மாமா ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வட ஆற்காட்டிலிருந்து மில் வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவர். மாமா பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மலை ஏறுவதில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. அத்தைக்குத்தான் கங்காதரேஸ்வரருக்கு நெய் அபிஷேகம் செய்ய வேண்டும் என்று வெகுநாள் வேண்டுதல். "மலைக்கு மலையும் ஆச்சு, கோயிலுக்குக் கோயிலும் ஆச்சு" என்று முடிவு செய்தது அவர்தான். நெய் உருக்கியாகிவிட்டது. புளிச்சோற்றுக்கு வேர்க்கடலை வறுக்கும் வாசனை இப்போது மாடி வரை வருகிறது.

சனிக்கிழமை

ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி ஜாலஹள்ளியில் இறங்கி, அங்கே தும்கூர் பஸ் பிடித்தோம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், ஆனால் யஷ்வந்தபுரத்தைத் தாண்டுவதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். பஸ்ஸில் அத்தைக்கு டிக்கெட் காசு கிடையாது. 2023 ஜூனிலிருந்து கர்நாடகப் பெண்களுக்குச் சாதா அரசுப் பஸ்ஸில் இலவசம். கண்டக்டர் வருவதற்கு முன்பே ஆதார் அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வதில் அத்தைக்கு ஒரு தோரணை உண்டு. மாமாவுக்கு அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

தாபஸ்பேட்டையில் இறங்கித் தட்டே இட்லி சாப்பிட்டோம். டாப்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் அமைந்த ஊர் இது. இங்கிருந்து மலையடிவாரம் ஏழெட்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. போகும் வழியில் மலை முழுசாகத் தெரியும். கிழக்கிலிருந்து பார்த்தால் நந்தி, மேற்கிலிருந்து கணபதி, தெற்கிலிருந்து லிங்கம், வடக்கிலிருந்து படமெடுத்த நாகம் என்று சொல்வார்கள். ஆட்டோக்காரரும் திரும்பித் திரும்பிப் பார்த்து அதையே சொன்னார். "எனக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் மலை மாதிரிதான் தெரியுது, நீ ரோட்டைப் பாருப்பா" என்றார் மாமா.

உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி. பெங்களூரே 3,000 அடியில் உட்கார்ந்திருப்பதால் நம் காலுக்கு மிஞ்சுவது அதில் கொஞ்சம்தான். ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து என்பதால் யாரும் அலட்சியமாகக் கிளம்ப வேண்டாம். அடிவாரத்தில் பெரிய குளம், கொஞ்சம் ஏறினால் கங்காதரேஸ்வரர் கோயில். குகைக்குள் குடைந்த கோயில் அது. நுழைந்ததும் கல்லின் குளிர் காலில் ஏறுகிறது.

நெய் அபிஷேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் கொடுக்கும் நெய்யை லிங்கத்தின்மேல் தேய்ப்பார்கள், அது வெண்ணெயாகத் திரும்பி வரும். அத்தை கொடுத்த நெய்யும் அப்படித்தான் வந்தது. மஞ்சளாகப் போனது, வெள்ளையாக, மிருதுவாக இலைத்துண்டில் திரும்பியது. இது மருந்து என்று பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. மாமா லேத்காரர் அல்லவா, எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டார். "ஆயுர்வேதத்துல நூறு தடவை கழுவின நெய்னு ஒண்ணு இருக்கு. தண்ணி விட்டுத் தேய்க்கத் தேய்க்க நெய் வெளுத்துரும்" என்று கோயில் வாசலிலேயே ஆரம்பித்தார். அது உண்மைதான், தீப்புண்ணுக்குப் பூசும் பழைய மருந்து. ஆனால் அத்தை பார்த்த பார்வையில் மேற்கொண்டு விளக்கம் வரவில்லை.

இந்தக் கருவறையிலிருந்து பெங்களூர் கவிபுரத்தில் இருக்கும் கவி கங்காதரேஸ்வரர் கோயில் வரைக்கும் சுரங்கம் போகிறது என்று ஒரு கதை உலவுகிறது. சரி, சுரங்கம் தோண்டுவது எவ்வளவு பெரிய பாடு என்பது மெட்ரோ வேலை நடந்தபோது பெங்களூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல்லில் தோண்டியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் வணக்கம்.

கோயிலைத் தாண்டியதும் படிக்கட்டு. சில இடங்களில் அடுக்கிய கல், சில இடங்களில் பாறையிலேயே வெட்டியது. இரண்டு பக்கமும் வெள்ளரிக்காய், மோர், எலுமிச்சை சோடாக் கடைகள். குரங்குகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கையில் பளபளக்கும் எது இருந்தாலும் அது குரங்கின் சொத்து. எங்களுக்கு முன்னால் போன ஒரு பையனிடம் பழரசப் பொட்டலத்தைப் பிடுங்கிய குரங்கு, ஓட்டையைக் கடித்துக் குடித்துவிட்டு, காலிப் பொட்டலத்தை அவன் பக்கமே வீசியது. எங்கள் புளிச்சோறு தப்பியது அத்தையின் புத்திசாலித்தனத்தால். டிபன் டப்பாவைப் பழைய துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே ஸ்வெட்டரைத் திணித்திருந்தார்.

இப்போது ஒளகல் தீர்த்தம். நான் இந்த மலைக்கு வரச் சம்மதித்ததே இதற்காகத்தான்.

பாறைக்கு அடியில் குனிந்து நுழையும் ஒரு சின்ன இடம். உள்ளே தரையில் உரல் வாய் அளவுக்கு ஒரு குழி. அதற்குள் தண்ணீர் இருக்கிறது, ஆனால் எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். படுத்து, கையைத் தோள் வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். புண்ணியம் செய்தவர்களுக்குத் தண்ணீர் எட்டும், மற்றவர்களுக்கு எட்டாது என்பது நம்பிக்கை. பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள சோதனை.

மாமா முதலில் போனார். நல்ல நீளக் கை. சட்டையைத் தோள் வரை சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவினார். "நீரு சிக்தா?" (தண்ணீர் கிடைத்ததா?) என்று பூசாரி கேட்டார். "சிக்லில்லா சுவாமி" என்று மாமா எழுந்துவிட்டார். வரிசையில் ஒரு சிரிப்பு. அடுத்தது அத்தை. வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முழங்காலிட்டு, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து, கன்னத்தைப் பாறையில் ஒட்டிக் கையை இறக்கினார். எத்தனையோ தோள்கள் உரசியதில் குழியின் விளிம்பு எண்ணெய் பூசியது மாதிரி வழவழப்பாக இருந்தது. உடம்பை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம். சட்டென்று முகம் மலர்ந்தது. வெளியே எடுத்தபோது விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஈரம். அதை அப்படியே தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தை மாமாவின் தலையிலும் தெளித்தார். எனக்கும் எட்டியது. குளிர்ந்த தண்ணீர், கிணற்றுத் தண்ணீரை விடவும் குளிர்.

கை நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கணிப்பு. தோளை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "அதான் உங்க அத்தை புண்ணியம்னு சொல்லிட்டாளே, விடு" என்றார். முகம் மட்டும் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த மலை முழுக்கக் கருங்கல். கருங்கல் தண்ணீரைக் குடிக்காது, தேக்கியும் வைக்காது. மழைத்தண்ணீர் தங்குவதற்கு அதில் இருக்கும் ஒரே இடம் வெடிப்பும் விரிசலும்தான். பெய்கிற மழை அதன் வழியாக மெல்ல இறங்கி, எங்கே அடைப்போ அங்கே நின்று, சுனையாகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட பாறைமலைகளில் உச்சிக்குப் பக்கத்திலும் கோடையில் தண்ணீர் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடித்த பழங்காலத்து ஆட்கள் ஒவ்வொரு சுனைக்கும் ஒரு பெயரும் ஒரு சாமியும் வைத்துவிட்டார்கள். கீழே பாதாள கங்கை, நடுவில் ஒளகல், உச்சியில் தீர்த்தக் கம்பம். மகர சங்கராந்தி அன்று அந்தக் கம்பத்தில் தண்ணீர் ஊறும் என்பது நம்பிக்கை. அன்று கங்காதரேஸ்வரருக்குக் கல்யாணம், அந்தத் தீர்த்தம்தான் கல்யாணத்துக்குப் போகும். இவ்வளவு தண்ணீர் பார்த்து வணங்கும் மலையை நான் வேறெங்கும் ஏறியதில்லை.

ஒளகலுக்கு மேலேதான் ஏற்றம் கடுமையாகிறது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கம்பி சுடும். அத்தை ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நான் சாமிய பாத்தாச்சு, தண்ணிய தொட்டாச்சு. உச்சியில இருக்கிறது உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்று அனுப்பிவிட்டார். பையை அவரிடம் விட்டோம். குரங்குகள் அந்தப் பக்கம் தலைவைக்காது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

உச்சிக்கு முன்னால் ஒரு பாறைமேல் பெரிய நந்தி. அதைச் சுற்றி வருவதற்கு இருக்கும் இடம் ஒரு ஆள் அகலம். கீழே பார்க்காமல் சுற்றிவந்தேன். மாமா பட்டறையில் நடப்பது மாதிரி பின்னால் கைகட்டிக்கொண்டு சுற்றிவந்தார்.

உச்சியின் ஓரத்தில் ஒரு செங்குத்துப் பாறையைக் காட்டி, ஹொய்சள ராணி சாந்தலா இங்கேயிருந்துதான் குதித்து உயிரை விட்டாள் என்பார்கள். பிள்ளை இல்லை, ராஜா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்று குதித்தாளாம். சாந்தலா விஷ்ணுவர்த்தனனின் பட்டத்து ராணி. 1116-ல் சோழர்களிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தானே, அந்த விஷ்ணுவர்த்தனன். அவள் சமணத்தி, நாட்டியத்தில் பேர்பெற்றவள், சிரவணபெளகொளாவில் 1123-ல் ஒரு பசதி (சமணக் கோயில்) கட்டியவள். சிரவணபெளகொளாக் கல்வெட்டு ஒன்றுதான் அவள் 1131-ல் சிவகங்கேயில் விண்ணுலகம் எய்தினாள் என்று சொல்கிறது. குதித்தாள் என்று அதில் இல்லை. மகள் போன துக்கத்தில் தாய் மாச்சிகப்பே உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டாள் என்று மட்டும் இருக்கிறது. வடக்கிருத்தல் நமக்குப் புதிதில்லை. பாறையில் தம்படம் எடுக்கும் கூட்டத்துக்குக் குதித்த கதைதான் பிடிக்கிறது. எனக்கு அந்தத் தாயின் கதை மனதில் நின்றது. மலை ஏறுகிற வழியில் அவளுக்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஏரிகளும் ராகி வயல்களும், இன்னொரு பக்கம் தாபஸ்பேட்டைத் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளும். காற்று பலமாக அடித்தது. மாமா தெற்கே கையைக் காட்டி, "இந்தப் பக்கம்தான் குமுதவதி ஆறு இறங்குது. நாளைக்கு எங்க போய்ச் சேருதுன்னு காட்டுறேன்" என்றார். இறங்கும்போது முழங்கால்கள் வேறு விதமாகப் பேசின. அத்தையின் புளிச்சோறு வந்து சேர்ந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

அத்தைக்கு இன்று ஓய்வு. மாமாவின் ஸ்கூட்டரில் நாங்கள் இருவர் மட்டும்.

பெங்களூர்க்காரர்களில் பலருக்கு அர்க்காவதியைத் தெரியும், நந்தி மலையில் பிறக்கும் ஆறு. சிவகங்கே மலையில் ஒரு ஆறு பிறக்கிறது என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். குமுதவதி பிறப்பது அங்கேதான். நெலமங்கலா தாலுக்கா வழியாகத் தெற்கே இறங்கி, திப்பகொண்டனஹள்ளியில் அர்க்காவதியோடு சேர்கிறது. அந்தச் சங்கமத்தில்தான் 1930-களில் அணை கட்டினார்கள். சாமராஜசாகர் என்று பெயர். அதற்கு முன்னால் 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்துதான் பெங்களூருக்குக் குழாய்த்தண்ணீர் வந்தது. ஊர் பெருத்து அது போதாமல் போனபோது கைகொடுத்தது இந்த அணை.

நெலமங்கலாவிலிருந்து ஊர்ச் சாலைகளில் இறங்கி ஒரு சின்னப் பாலத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். "இதான் ஆறு" என்றார். இவ்வளவு மழைக்குப் பிறகும் நடுவில் ஒரு ஓடை அளவுக்குத்தான் தண்ணீர். கரையெல்லாம் நாணல், கொஞ்சம் தள்ளித் தைலமரத் தோப்பு. தைலமரம் ஆழத்து ஈரத்தை உறிஞ்சுகிறது என்று 2017-ல் கர்நாடக அரசு அதைப் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. ஏற்கெனவே நட்டது நட்டதுதான். அதோடு வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல். முன்பு மழைத்தண்ணீர் ஏரிக்கு ஏரி வழிந்து ஆற்றுக்கு வந்தது. இப்போது அந்த வாய்க்கால்களில் பல, வீட்டுமனைகளுக்கும் கிடங்குகளுக்கும் அடியில் இருக்கின்றன. சில இடங்களில் மழைநீர் உள்ளே இறங்குவதற்காக சிமெண்ட் வளையம் வைத்துக் குழிகள் எடுத்திருக்கிறார்கள். விரிசல் வழியாகச் சுனை செய்யும் வேலையை மலை சும்மாவே செய்கிறது, அதைத்தான் இங்கே மனிதர்கள் பணம் செலவழித்துச் செய்கிறார்கள்.

அணைக்கு உள்ளே விடவில்லை. வெளியே சாலை ஓரம் நின்று பார்த்தோம். மாமா வெகுநேரம் பேசவில்லை, அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சின்ன வயதில் ஸ்ரீராமபுரத்துத் தெருக்குழாயில் வந்தது இந்தத் தண்ணீர்தானாம். விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குப் பதிலாகச் சில நாள் செங்கல்லை வைத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார்களாம். "செங்கல்லத் தள்ளி வச்சவன் யாருன்னு ஒரு சண்டை நடக்கும் பாரு, கன்னடத்துல ஆரம்பிச்சுத் தமிழ்ல முடியும். தெலுங்குக்காரம்மா வந்து பஞ்சாயத்து பண்ணும்." 2012 வாக்கில் இந்த அணையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் எடுப்பது நின்றுபோனது. ஒரு காரணம் வரத்துக் குறைவு, இன்னொன்று அர்க்காவதியில் வந்து கலக்கும் கழிவு.

இப்போது ஊர் குடிப்பது காவிரி. 1974-ல் முதல் கட்டம் வந்தது, ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில். தொரேகாடனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தூரமும் அரை கிலோமீட்டர் உயரமும் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மாமாவுக்கு இந்த உயரக் கணக்குத்தான் ஆறவில்லை. எந்த மோட்டார், எத்தனை குதிரைத்திறன், கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டே டீ குடித்தார். "மலையில இருந்து தானா இறங்கி வர்ற தண்ணிய விட்டுட்டு, கீழே இருக்கிறதை மேலே தூக்குறோம். பட்டறையில இப்படி ஒரு வேலை செஞ்சிருந்தா எங்க முதலாளி செருப்பால அடிச்சிருப்பார்."

இந்த அணையைத் தாண்டி அர்க்காவதி ராமநகரம், கனகபுரம் வழியாகப் போய் சங்கமாவில் காவிரியில் விழுகிறது. அப்புறம் மேகதாது, ஒகேனக்கல், மேட்டூர். சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நேத்து உங்க அத்தை தொட்ட தண்ணி மேட்டூர் போவுமா?"

"வழியில யாரும் உறிஞ்சாம இருந்தா போகும் மாமா."

"அப்படின்னா போவாது" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

திங்கள்

போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில். காலை ஏழு மணிக்குள் படியில் கால் வைத்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை காய ஆரம்பித்துவிடும். நிதானமாக ஏறினால் உச்சிக்கு இரண்டு மணி நேரம். பிடிமானமுள்ள செருப்பு போதும், கோயில்களில் கழற்றி மாட்ட வசதி. ஒளகலில் ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளம், முடிந்தால் சனிக்கிழமை அல்லது வார நாள். குழந்தைகளை நந்திப் பாறையில் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருக்காதீர்கள், காரணம் சொல்லியாகிவிட்டது.

சங்கராந்திக்குப் போனால் தீர்த்தக் கம்பத்தைப் பார்க்கலாம், ஆனால் கூட்டத்தில் கம்பம் தெரியுமா என்று கேட்காதீர்கள். அத்தை போயே தீருவது என்று இருக்கிறார். "பொங்கலன்னிக்கு வீட்டுல பொங்கல் யார் வைப்பா?" என்று மாமா கேட்டதற்கு, "மோட்டார் கணக்கு போடத் தெரியுது, பொங்கல் வைக்கத் தெரியாதா?" என்று பதில் வந்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.